வண்டி ஹீட் ஆகுதா? கழட்டுறதுக்கு முன்னாடி அளந்து பாக்குற ஒரு ஒர்க்ஷாப், சேலம் அம்மாப்பேட்டை

சேலத்துல பைக் வச்சிருக்கறவங்களுக்காக இத எழுதுறேன், அதுலயும் இன்ஜின் ஹீட் ஆகுதுன்னு கடை கடையா ஏறி இறங்கிட்டு இருக்கறவங்க கண்டிப்பா படிங்க. அம்மாப்பேட்டைல மெயின் ரோட்ட விட்டு உள்ள போற ஒரு சந்துல, தறிக்கூடத்த ஒட்டுனாப்ல ஒரு சின்ன ஒர்க்ஷாப் இருக்கு, போர்டு எதுவும் கிடையாது, ஒரு அண்ணனும் அவர்கிட்ட வேலை கத்துக்கற ரெண்டு பசங்களும்தான். ஹீட் கம்ப்ளைன்ட்னு போய் நின்னா அவர் எடுத்த உடனே சொல்றது இதுதான்: "பாக்கறதுக்கு 400 ரூபா ஆகும் தம்பி. என்ன கோளாறுன்னு காட்டிருவேன். வேலைய என்கிட்டதான் செய்யணும்னு இல்ல, வேற எங்க வேணா கொண்டு போய் செஞ்சுக்க."

நிறைய பேரு இந்த இடத்துலயே திரும்பி போயிடுறாங்க, நானே நின்னு பாத்தேன், ஒருத்தர் "பாக்கறதுக்கே 400ஆ"ன்னு கேட்டுட்டு வண்டிய திருப்பிட்டாரு. ஆனா கொஞ்சம் யோசிச்சு பாருங்க, பாக்கறது ஃப்ரீ, மாட்டுறதுக்குத்தான் காசுன்னா எந்த கடையா இருந்தாலும் எதையாவது மாட்டிதானே ஆகணும், அவங்களுக்கும் வாடகை இருக்கு, பசங்களுக்கு சம்பளம் இருக்கு. இங்க அந்த அவசரமே இல்ல, கண்டுபிடிக்கறதுக்கே கூலி வாங்கிடுறாரு, அதனால உங்க வண்டில ஒன்னுமே இல்லன்னாலும் ஒன்னுமில்லன்னு தைரியமா சொல்ல முடியுது.

என் வண்டி 200 சிசி, லிக்விட் கூல்டு, அதாவது கூலன்ட்ங்கற திரவம் இன்ஜின் சூட்ட எடுத்துட்டு போய் ரேடியேட்டர்ல ஆறிட்டு வர்ற வகை, செகண்ட் ஹேண்டா வாங்குனது. ஏற்காடு மலை ஏறுனா பாதி வளைவு தாண்டுறதுக்குள்ள டெம்பரேச்சர் லைட் எரிய ஆரம்பிச்சிரும், அதோட பிக்கப் அடிவாங்கும், கியர் மாத்தறதுக்குள்ள கால் வலிச்சிரும், நியூட்ரல் விழவே விழாது. ஃபேன் மட்டும் நிக்காம ஓடிட்டே இருக்கும். இதுக்கு முன்னாடி காட்டுன ஒரு இடத்துல, பேர் வேண்டாம், ரேடியேட்டர் மூடியக்கூட தொறக்காம "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, இன்ஜின இறக்கணும்"னு 9000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டு குடுத்தாங்க. இன்ஜினோட மேல் பாகமான ஹெட்டுக்கும் அதுக்கு கீழ இருக்கற சிலிண்டருக்கும் நடுவுல கசியாம அடைக்கற தகடுதான் இந்த கேஸ்கெட். கேஸ்கெட் போனா ஹீட் ஆகும்ங்கறது உண்மைதான், ஆனா ஹீட் ஆகுற வண்டிக்கெல்லாம் கேஸ்கெட் போயிருக்கும்னு அர்த்தம் இல்லல்ல.

அம்மாப்பேட்டை அண்ணன் ஸ்பேனர் எடுக்கல, முதல்ல கேள்விதான் கேட்டாரு. சிக்னல்ல நிக்கறப்ப ஹீட் ஆகுதா, பைபாஸ்ல ஓடுறப்ப ஹீட் ஆகுதா? நிக்கறப்ப ஏறி, ஓடுனா இறங்கிருச்சுன்னா ஃபேன் பக்கம் பாக்கணும், ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார், சென்சார், அப்புறம் ரேடியேட்டருக்கு காத்து வர்ற வழி. காத்து நல்லா அடிக்கறப்பவும், 80ல போறப்பவும் ஏறுதுன்னா ஃபேனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, கூலன்ட் ஓட்டம் சரியில்ல இல்லன்னா ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்கு, அதுவும் இல்லன்னா பெட்ரோல் கம்மியா காத்து அதிகமா எரியுது. என் வண்டி ரெண்டு இடத்துலயும் ஏறுச்சு, ஃபேனும் ஓடுச்சு. இந்த ஒரு பதில்லயே தேட வேண்டிய இடம் பாதியா சுருங்கிருச்சு. அப்புறம் கூலன்ட் குறையுதா, கீழ சொட்டுதா, காலைல ஸ்டார்ட் பண்றப்ப சைலன்சர்ல வெள்ளை புகை நிக்காம வருதா, இனிப்பா ஒரு வாடை அடிக்குதா, கடைசியா கூலன்ட் யார் ஊத்துனது, என்ன ஊத்துனாங்கன்னு வரிசையா கேட்டாரு. கடைசி கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, முன்னாடி வச்சிருந்தவருக்குத்தான் தெரியும்.

வண்டிய டபுள் ஸ்டாண்ட் போட்டு பின் சக்கரத்த கையால சுத்தி விட்டாரு, டிஸ்க் உரசுதா, செயின் டைட்டா இருக்கான்னு பாக்கறதுக்கு. பிரேக் லேசா புடிச்சிட்டே இருந்தாலும் இன்ஜினுக்கு அது எப்பவும் மேட்டுல ஏறுற வேலைதான், ஆளுங்க ரேடியேட்டர மாத்திட்டு கிடப்பாங்க, கோளாறு பின்னாடி டிஸ்க்க புடிக்கற பிரேக் கேலிப்பரோட பின்ல இருக்கும்னு சொன்னாரு. என் வண்டில சக்கரம் ஃப்ரீயாத்தான் சுத்துச்சு. ஆயில் லெவல் பாத்தாரு, ஆயில் மூடிக்கு அடில விரல வச்சு தடவி, பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கான்னு பாத்தாரு, கூலன்ட் ஆயில்ல கலந்தா அப்படி ஆகும், என்னதுல இல்ல. வாட்டர் பம்ப்புக்கு கீழ ஒரு குட்டி ஓட்டை இருக்கும், அதுல கூலன்ட் கசிஞ்சா பம்ப் சீல் போச்சுன்னு அர்த்தம், ஆயில் கசிஞ்சா ஆயில் சீல் போச்சுன்னு அர்த்தம், அந்த ஓட்டைய எம்-சீல் வச்சு அடைக்கற ஆளுங்களும் இருக்காங்களாம், கேக்கவே பகீர்னு இருந்துச்சு. என்னது காஞ்சுதான் இருந்துச்சு.

தறி சத்தத்துல இன்ஜின் சத்தம் கேக்காதுல்ல, அதுக்காக வண்டிய சந்து முனை வரைக்கும் தள்ளிட்டு போய் ஸ்டார்ட் பண்ணி, குனிஞ்சு ஹெட்டுக்கு பக்கத்துல காத வச்சு கேட்டாரு. நாக்கிங் (உள்ள தட்டுற மாதிரி சத்தம்) இருக்கா, வால்வு சத்தம் எப்படி இருக்குன்னு. வால்வு சத்தமே இல்லாம அமைதியா இருந்தா நல்லதுன்னுதான் நானும் நெனச்சுட்டு இருந்தேன், அவர் சொல்றது வேற. எக்ஸாஸ்ட் வால்வுக்கு கேப் ரொம்ப டைட்டா வச்சுட்டா வால்வு முழுசா உக்காராது, உக்காந்தாத்தான் அதோட சூடு சீட் வழியா ஹெட்டுக்கு இறங்கும், இல்லன்னா வால்வு கருகிரும், அதனால லேசா டிக் டிக்னு கேக்கறது பரவால்ல, சுத்தமா கேக்காததுதான் சந்தேகம். எல்லா மெக்கானிக்கும் இத தெரிஞ்சு வச்சிருக்கணும், வண்டி வச்சிருக்கற நாமளும்தான்.

வண்டி நல்லா ஆறுற வரைக்கும் ரேடியேட்டர் மூடிய தொட விடல. ஒரு பையன் அவசரத்துல கை வைக்க போனான், அதட்டி நிறுத்திட்டாரு. இத சும்மா படிச்சுட்டு போயிடாதீங்க, அந்த மூடி குக்கர் வெயிட் மாதிரி, உள்ள பிரஷர அடக்கி வச்சிருக்கறதாலதான் கூலன்ட் கொதிக்காம இருக்கு. தண்ணியோட பாதிக்கு பாதி கலந்த கூலன்ட் வெளில வச்சா 107 டிகிரி கிட்ட கொதிக்கும், 1.1 பார் (பிரஷர் அளவு) மூடி சரியா புடிச்சுதுன்னா 125 தாண்டுனாத்தான் கொதிக்கும். சூடா இருக்கறப்ப தொறந்தா பிரஷர் போன அந்த நொடியே மொத்தமும் பொங்கி மூஞ்சில அடிக்கும். மூடி வீக்கான வண்டி கீழ சமாளிச்சாலும் ஏற்காட்டுல மாட்டிக்கும், ஏன்னா அது கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், அங்க சாதா தண்ணியே 95 டிகிரி கிட்ட கொதிச்சிரும், அதுல 20 கொண்டை ஊசி வளைவுல செகண்ட் கியர்ல உறுமிக்கிட்டே ஏறுறோம், காத்தும் பத்தாது. என் வண்டி ஏன் மலைல இன்னும் அதிகமா அடம் புடிச்சுதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

ஆறுனப்புறம் மூடிய கழட்டி என் கைலயே குடுத்தாரு. ரப்பர் கல்லாட்டம் கெட்டியாகி ஓரமெல்லாம் வெடிச்சிருந்துச்சு, நடுவுல இருக்கற சின்ன வால்வு ஒட்டிக்கிட்டு விரலால இழுத்தாலும் வரல. சூடுல கூலன்ட் விரிஞ்சு ரிசர்வ் டப்பாவுக்கு போகும், ஆறுறப்ப அந்த சின்ன வால்வு வழியாத்தான் திரும்பி ரேடியேட்டருக்கு வரணும். அது ஒட்டிக்கிட்டா போனது போனதுதான், டப்பா நிரம்பி இருக்கும், ரேடியேட்டர் குறைஞ்சு கிடக்கும், நாம டப்பால லெவல பாத்துட்டு நிம்மதியா ஓட்டிட்டு இருப்போம். உள்ள இருந்த கூலன்ட் கலரே இல்லாம பழுப்பா, அடில வெள்ளைப் பொடியோட இருந்துச்சு. அண்ணன் விரல்ல தொட்டு நசுக்கி பாத்துட்டு "போர் தண்ணி"ன்னு மட்டும் சொன்னாரு. யாரோ கூலன்ட்டுக்கு பதிலா நம்ம ஊரு உப்புத் தண்ணிய ஊத்தி ஓட்டிருக்காங்க.

கேஸ்கெட் கதைக்கும் அங்கயே முடிவு தெரிஞ்சுது. மூடி இல்லாம ஆறுன இன்ஜின ஸ்டார்ட் பண்ணி கழுத்து வரைக்கும் நிரப்புன தண்ணிய பாத்துட்டு இருந்தோம். ஆரம்பத்துல ரெண்டு மூணு குமிழ் வந்தா அது உள்ள மாட்டுன காத்து, அதுக்கு பயப்பட வேண்டாம், ஆனா ரேஸ் குடுக்க குடுக்க நிக்காம குமிழ் வந்துட்டே இருந்தா எரியற கேஸ் கூலன்ட்டுக்குள்ள வருது, கேஸ்கெட்தான். எனக்கு கொஞ்ச நேரத்துல அடங்கிருச்சு. ஆயிலும் வெளுக்கல, வெள்ளை புகையும் இல்ல, இங்கயும் குமிழ் இல்ல, மூணும் சேந்து பாத்தப்புறம்தான் "கேஸ்கெட் இப்போதைக்கு சந்தேகப்பட வேண்டாம்"னு சொன்னாரு. ஒத்த டெஸ்ட்ட வச்சு எதையும் முடிவு பண்ணல, எனக்கு இவர்கிட்ட ரொம்ப பிடிச்சதே இதுதான்.

அடுத்து தொடாமலே சூட்ட அளக்கற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் எடுத்தாரு, இப்ப எல்லா கடைலயும் இருக்கு, ஆனா அவர் முதல்ல செஞ்சது கருப்பு இன்சுலேஷன் டேப்ப துண்டு துண்டா வெட்டி தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடானதும் தொறந்து அத ரேடியேட்டருக்கு விடுற வால்வு) இருக்கற ஹவுசிங்குல ஒன்னு, ஹெட்டுல ஒன்னுன்னு ஒட்டுனது. எதுக்குண்ணே டேப்புன்னு கேட்டேன். பளபளன்னு இருக்கற அலுமினியத்துல அந்த மெஷின் நிஜ சூட்ட விட ரொம்ப கம்மியா காட்டுமாம், டேப் மேல அடிச்சாத்தான் சரியா காட்டும், ரேடியேட்டர் கருப்பு பெயிண்ட் அடிச்சது, ஹோஸ் ரப்பர், அதுக்கெல்லாம் டேப் வேண்டாம்னாரு. டேப் இல்லாம ஒரு தடவ, டேப் மேல ஒரு தடவ அடிச்சு காட்டுனாரு, ஒரே இடம், ரெண்டு நம்பருக்கும் ஏணி வச்சாலும் எட்டாது! யூடியூப் பாத்துட்டு இந்த மெஷின வாங்கி வச்சிருக்கறவங்க இத மனசுல வச்சுக்கங்க. இன்னொன்னு, ஏர் கூல்டு வண்டில ஹெட்டுல 150 டிகிரிக்கு மேல காட்டுறது சாதாரணம், அதப் பாத்து பதறி இன்ஜின பிரிச்சிராதீங்க.

இன்ஜின் பக்கம் 95 தாண்டி ஏறிட்டே இருக்கு, ரேடியேட்டருக்கு போற ஹோஸ் மட்டும் வெதுவெதுன்னுதான் இருக்கு. ரேடியேட்டர் சூடாகவே இல்லன்னா ஃபேன் சுத்தி என்ன பிரயோஜனம், சூடான கூலன்ட் அங்க வரவே மாட்டேங்குது. தெர்மோஸ்டாட்ட கழட்டுனாரு, சுத்தி வெள்ளையா உப்பு படிஞ்சு ஸ்பிரிங்கே பாதி தெரியல. இத்தோட புதுச போட்டு முடிச்சிருக்கலாம், அவர் விடல. ஒரு அலுமினிய சட்டில தண்ணி வச்சு அடுப்புல ஏத்தி, பழசையும் புதுசையும் அடில படாம கம்பில தொங்க விட்டு, பக்கத்துல ஒரு தெர்மாமீட்டர். என்னையும் பசங்களையும் சுத்தி நிக்க வச்சு பாக்க சொன்னாரு. 80 தாண்டுனதும் புதுசு மெதுவா வாய தொறக்குது, 90க்கு மேல போக போக நல்லா இடைவெளி விட்டு நிக்குது. பழசு அசையல. தண்ணி தளதளன்னு கொதிக்கறப்ப நகம் போற அளவுக்கு ஒரு கீறல் தொறந்துச்சு, அவ்ளோதான். எந்த எஸ்டிமேட் பேப்பரும் எனக்கு குடுக்காத தெளிவு அந்த சட்டில கிடைச்சுது. எத்தன டிகிரில தொறக்கணும்ங்கறது வண்டிக்கு வண்டி மாறும், தெர்மோஸ்டாட் மேலயே பொறிச்சிருப்பாங்க.

தெர்மோஸ்டாட்ட தூக்கிட்டு அப்படியே ஓட்டலாமே, சிலர் அப்படி சொல்றாங்களேன்னு கேட்டதுக்கு கோவமே வந்துருச்சு அவருக்கு. இன்ஜின் சூடாக வேண்டிய அளவுக்கு சூடாகலன்னா அதுவும் தேய்மானம்தான், எஃப்ஐ வண்டில, அதாவது கார்புரேட்டர் இல்லாம சென்சார பாத்து பெட்ரோல் விடுற வண்டில, இன்ஜின் இன்னும் ஆறிக்கிடக்குன்னு நெனச்சு பெட்ரோல அதிகமா விடும், மைலேஜ் அடிவாங்கும்னு விளக்குனாரு. டிஸ்டில்டு வாட்டர் விட்டு, ஓட விட்டு, ஆற விட்டு, வடிச்சு, தெளிவா வர்ற வரைக்கும் திரும்ப திரும்ப கழுவுனாரு. ஆசிட் கலந்த கழுவுற மருந்து போட மாட்டேன்னுட்டாரு, அலுமினியத்த அரிச்சிருமாம். வடிச்ச பழைய கூலன்ட்ட சாக்கடைல ஊத்தல, கேன்ல புடிச்சு மூடி உயரத்துல வச்சாரு, இனிப்பா இருக்கறதால தெரு நாய் நக்கி செத்துரும்னு. அந்த சந்துல நாலஞ்சு நாய் சுத்திட்டு இருக்கும், அதுங்களுக்காக யோசிக்கற மனுஷன் மேல தனி மரியாதையே வந்துருச்சு.

புது கூலன்ட் ஊத்துறப்ப முன் சக்கரத்த கட்டை மேல ஏத்தி ரேடியேட்டர் கழுத்து உயரத்துல இருக்கற மாதிரி வச்சு, ஹோஸ்ஸ அமுக்கி அமுக்கி காத்த வெளியேத்துனாரு. ஏர் லாக் ஆச்சுன்னா எல்லாம் புதுசா இருந்தாலும் ஹீட் ஆகும். அப்புறம் வண்டிய ஐடில்ல விட்டுட்டு ஸ்டூல போட்டு உக்காந்துட்டாரு. ஃபேன் ஓட ஆரம்பிச்சுது, சரி முடிஞ்சுதுன்னு நான் எந்திரிச்சேன், "ஓடுறத பாக்காத, நிக்கறத பாரு"ன்னாரு. ஃபேன் ஓடி, சூடு இறங்கி, தானா நின்னு, திரும்ப ஓடணும், இந்த சுத்து வந்தாத்தான் கூலிங் வேலை செய்யுது. வந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை பின்னாடி ஆள் வச்சுட்டு ஏற்காடு ஏறுனேன், லைட் எரியல, கியர் வெண்ணெயா விழுந்துச்சு.

காத்திருந்த நேரத்துல மத்த வண்டிகளும் பாத்தேன். பழைய கார்புரேட்டர் புல்லட் ஒன்னு, பிளக் கழட்டுனா நுனி வெள்ளை வெளேர்னு இருக்கு, பழுப்பா இருக்க வேண்டியது. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற ரப்பர்ல கிளீனர் ஸ்ப்ரேய லேசா அடிச்சாரு, ஐடில் டக்குனு ஏறுச்சு, அந்த ரப்பர்ல வெடிப்பு, அது வழியா காத்து உள்ள போயி லீனா, அதாவது காத்து அதிகமா பெட்ரோல் கம்மியா எரிஞ்சிருக்கு. ஸ்ப்ரே அடிக்கறதுக்கு முன்னாடி மணல் வாளிய பக்கத்துல இழுத்து வச்சுக்கிட்டாரு, வீட்ல இத முயற்சி பண்றவங்க அதயும் சேத்து செய்யுங்க. இன்னொரு அக்கா ஸ்கூட்டர் கொண்டு வந்தாங்க, அதுல ஃபேன் காத்த இன்ஜின் மேல திருப்பி விடுற பிளாஸ்டிக் கவர் உடைஞ்சு பாதிய காணோம், எங்கயோ சர்வீஸ் விட்டப்ப திரும்ப மாட்டவே இல்ல. கவர் இல்லாம ஃபேன் சுத்துற காத்து வெளிலயே போயிரும். அவங்ககிட்ட அந்த 400 கூட வாங்கல, பாத்த உடனே தெரிஞ்சதுக்கு எதுக்கு காசுன்னுட்டாரு.

என் பில்லு: பாத்ததுக்கு 400, தெர்மோஸ்டாட் 650, மூடி 280, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சேத்து 500, வேலைக் கூலி 600. மொத்தம் 2430. பழைய சாமான் எல்லாத்தையும் கவர்ல போட்டு கைல குடுத்துட்டாரு.

குறைய சொல்லணும்னா முதல் குறை நேரம். வண்டி முழுசா ஆறணும், சூடாகணும், திரும்ப ஆறணும், அதனால காலைல விட்டா சாயங்காலம்தான், கூட்டம் இருந்தா மறுநாள். ஆபீஸ் போற வழில விட்டுட்டு மதியம் எடுத்துக்கலாம்னு வந்தீங்கன்னா நடக்காது. ஃபோன் அடிச்சா எடுக்க மாட்டாரு, கை பூரா கிரீஸ்ஸா இருக்கும், நேர்லதான் போகணும். உக்கார நிழல் பத்தாது, சித்திரை வெயில்ல கஷ்டம், முனைல டீக்கடைதான் கதி. பிரிண்ட் பில் கிடையாது, நோட்டுல எழுதி கிழிச்சு குடுப்பாரு, ஜிபே உண்டு. வாரண்டி இருக்கற புது வண்டிய இங்க பிரிச்சு வேலை செய்ய விடாதீங்க, அவரே கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக சொல்வாரு. ஸ்கேனர் வச்சு எரர் கோடு பாக்கற வசதியும் இல்ல, சென்சார் கோளாறுன்னு சந்தேகம் வந்தா தெளிவா சொல்லி வேற இடத்துக்கு அனுப்பிடுறாரு. பெரிய வண்டி வச்சிருக்கறவங்க இத யோசிச்சுக்கங்க.

போறவங்க வண்டிய ஓட்டிட்டு போய் சூடோட நிறுத்தாம, முடிஞ்சா முந்துன நாள் ராத்திரியே விட்டுட்டு வந்துருங்க, காலைல ஆறுன இன்ஜின்ல இருந்து ஆரம்பிக்கலாம், அரை நாள் மிச்சம். கூலன்ட் என்ன ஊத்துனீங்க, ஆயில் என்ன கிரேட், கடைசியா எங்க என்ன வேலை பாத்தாங்கன்னு ஒரு துண்டு சீட்டுல எழுதிட்டு போங்க, முதல்ல அதத்தான் கேப்பாரு. செவ்வாய்க்கிழமை லீவு.